ஓணான் யாருக்கு உறவு? தென்னிந்திய, இலங்கை ஓணான்களின் பரிணாம மரத்தைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வேலி ஓணானைப் பார்த்திராத தமிழர் அநேகமாக இருக்க மாட்டார்கள். அதே ஓணானுக்கு அறிவியல் ஒழுங்காக எல்லை வகுக்க இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1802இல் பிரெஞ்சு விலங்கியலாளர் டாடின் அதற்கு ‘வெர்சிகலர்’ என்று பெயர் வைத்தார். அதன்பின் பாகிஸ்தானிலும் வங்காளத்திலும் பர்மாவிலும் தென்சீனாவிலும் வேலியில் தலையாட்டிய ஓணான்கள் ஏறக்குறைய எல்லாமே கலோட்டஸ் வெர்சிகலர் என்றே பதிவாயின. 2021இல் வெளியான ஒரு விரிவான மரபணு ஆய்வு தெற்காசியாவில் அந்த ஒரு பெயருக்குள் நான்கு சிற்றினங்கள் இருப்பதாகக் காட்டியது. 2023இல் தென்சீனா, வடவியட்நாம் ஓணான்களும் கலோட்டஸ் வாங்கி என்ற பெயரில் தனியே போயின. வெர்சிகலர் என்ற பெயர் இப்போது தென்னிந்தியாவையும் இலங்கையையும் சார்ந்த ஓணானுக்கே உரியது.

இப்படிப்பட்ட முடிவுகளை எதை வைத்து எடுக்கிறார்கள், நாமே அந்த வழியில் எவ்வளவு தூரம் போய்ப் பார்க்கலாம் என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். உயிரியல் மாணவர்களுக்கும், கேமராவும் கையுமாக அலையும் இயற்கை ஆர்வலர்களுக்கும் இது உதவும். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒத்திருப்பது வேறு, உறவு வேறு. இன்றைய வகைப்பாடு உறவைத்தான் கேட்கிறது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் பிரித்தறியும் முயற்சிதான்.

படி 1: எந்தக் குடும்பம் என்று உறுதிசெய்யுங்கள்

ஓணான்கள் அகாமிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா, ஐரோப்பாவின் தென்கிழக்கு ஓரம் என்று பரவியிருக்கும் இந்தக் குடும்பத்தில் 500க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. அமெரிக்கக் கண்டங்களில் ஒன்றுகூட இல்லை. அங்கே அதே வாழ்க்கையை இகுவானாக்களும் அவற்றின் உறவினர்களும் வாழ்கின்றன.

குடும்ப அடையாளம் பல்லில் இருக்கிறது. காய்ந்த ஓணான் மண்டையோடு எங்காவது கிடைத்தால் லென்ஸ் வைத்துத் தாடை விளிம்பைப் பாருங்கள். பற்கள் குழியில் பதிந்திருக்காது. எலும்பின் உச்சியிலேயே ஒட்டி, எலும்பையே ரம்பமாக அறுத்துவிட்டது போலத் தெரியும். முன்புறம் இருக்கும் சில கூரான பற்கள் மட்டும் வேறு மாதிரி. அவை விழுந்து முளைக்கும். பின்னால் இருப்பவை முளைப்பதில்லை. வயதான ஓணானில் தேய்ந்து மழுங்கிக் கிடக்கும். உலகில் இந்த உச்சிப்பல் அமைப்பை ஓணான்களோடு பகிர்ந்துகொள்ளும் பல்லியினம் பச்சோந்திதான். இரண்டும் ஒரே பெருங்கிளையின் பிள்ளைகள் என்பதை மரபணுக்களும் உறுதிசெய்கின்றன.

நிறம் மாறுவதை வைத்து ஓணானைப் பச்சோந்தி என்று அழைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. காலைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். பச்சோந்தியின் விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டி, கிளையை இடுக்கிபோலப் பிடிக்கும். ஓணானுக்கு விரல்கள் தனித்தனி. நம் நாட்டில் பச்சோந்தி ஒரே ஒரு சிற்றினம்: கமேலியோ சைலானிக்கஸ்.

அகாமிடேவுக்குள் ஆறு துணைக்குடும்பங்கள் உண்டு. ராஜஸ்தான் மணலில் வளை தோண்டும் முள்வால் பல்லி யூரோமாஸ்டிசினே. தென்கிழக்காசியாவின் வண்ணத்துப்பூச்சிப் பல்லி லையோலெபிடினே. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவின் பாய்வால் பல்லி ஹைட்ரோசாரினே. ஆஸ்திரேலியாவின் முட்பிசாசும் குடைக்கழுத்துப் பல்லியும் ஆம்ஃபிபொலுரினே. ஆப்பிரிக்காவிலிருந்து மேற்காசியா வழியாக நம் வடமேற்கு எல்லை வரை வருபவை அகாமினே. ஆறாவதான ட்ரகோனினேதான் நம் வீட்டு ஓணான்கள். இந்த வழிகாட்டி அதோடு நின்றுகொள்கிறது.

படி 2: பெயரின் பத்திரத்தைத் தேடுங்கள்

மரபணுவுக்கு ஓடுவதற்கு முன் பெயரைத் தோண்ட வேண்டும். புதிதாக வருபவர்கள் தாண்டிக் குதிப்பதும், பிறகு வந்து இடறி விழுவதும் இந்தப் படியில்தான். விலங்குப் பெயர்களுக்குச் சர்வதேச விதித்தொகுப்பு இருக்கிறது. அதன்படி 1758இல் லின்னேயஸ் வெளியிட்ட பட்டியல்தான் தொடக்கம். அதற்கு முந்தைய பெயர் எதுவும் செல்லாது. ஒரே உயிருக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் வந்தது நிற்கும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வகை மாதிரி இருக்க வேண்டும்: எந்த ஓணானைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் சூட்டினார்களோ, அந்த உடல். அது பிடிபட்ட ஊர் வகை இடம்.

வேலிக்கு ஓணான் சாட்சி என்று கேலியாகச் சொல்வோம். இங்கே பெயருக்கு ஓணானே சாட்சி. அந்தச் சாட்சி தொலைந்துவிட்டால் வழக்கு முடங்கும். வெர்சிகலருக்கு நடந்தது அதுதான். டாடினின் மூல மாதிரி காணாமல் போயிற்று. அவர் எழுதிவைத்த இடக்குறிப்போ வெறும் ‘இந்தியா’. ஆப்கானிஸ்தானிலிருந்து சீனா வரை பரவிய ஒரு கூட்டத்தைப் பிரிக்கும்போது அசல் பெயர் எந்தத் துண்டுக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. புதுச்சேரிப் பகுதி ஓணான் ஒன்றைப் புதிய வகை மாதிரியாக அறிவித்த பிறகே முடிச்சு அவிழ்ந்தது. பெயர் தெற்கே வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் இந்த அறிவிப்பு.

மற்ற துண்டுகளுக்கு என்ன பெயர்? புதிதாகச் சூட்டுமுன் பழைய பெட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டும். கங்கைச் சமவெளியின் கிழக்குப் பகுதி ஓணானுக்கு 1825இல் ஹார்லன் ‘வல்டுவோசஸ்’ என்று வைத்த பெயர், வெர்சிகலரின் இன்னொரு பெயர் என்று தள்ளப்பட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது, அது எழுப்பப்பட்டது. பாகிஸ்தான் பக்கம் ஒரு துணையினமாக இருந்த ‘ஃபாரூக்கி’ சிற்றினமாக உயர்ந்தது. பர்மாவிலிருந்து 2006இல் விவரிக்கப்பட்ட ‘இரவாடி’ (irawadi) சிற்றினத்தின் எல்லை நம் வடகிழக்கு மாநிலங்கள் வரை விரிந்தது. ஆக, அந்த 2021 ஆய்வில் பிரிந்த நான்குக்கும் ஏற்கெனவே பெயர்கள் இருந்தன. எந்தப் பெயர் எந்த உடலுக்கு என்பதுதான் வேலையாக இருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் ஊர் ஓணான் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் பெயர், சூட்டியவர், ஆண்டு, வகை இடம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ‘ரெப்டைல் டேட்டாபேஸ்’ தளத்தில் இவை இருக்கும். பெயர்சூட்டியவரின் பெயர் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அந்தச் சிற்றினம் முதலில் வேறொரு பேரினத்தில் (உறவான சிற்றினங்களின் தொகுதி; கலோட்டஸ் ஒரு பேரினம்) வைக்கப்பட்டிருந்தது என்று பொருள். ‘புதிய ஓணான் கண்டுபிடிப்பு’ என்று செய்தி வரும்போதும் வகை இடத்தை முதலில் பார்ப்பது நல்லது. பாதிக் கதை அதிலேயே தெரிந்துவிடும்.

படி 3: செதிலைப் படியுங்கள்

நிறத்தை நம்பாதீர்கள். இனப்பெருக்கக் காலத்து ஆண் வெர்சிகலரின் தலையும் தொண்டையும் செக்கச்செவேலென்று சிவக்கும். ஊரில் அதை இரத்தம் உறிஞ்சி என்று கல்லால் அடித்ததற்கு இந்தச் சிவப்பே காரணம். அரை மணி நேரத்தில் அதே ஓணான் சாம்பல் நிறத்தில் காய்ந்த குச்சியாக நிற்கும். செதில் அப்படி மாறாது.

நான்கு படங்கள் எடுங்கள்: பக்கவாட்டில் முழு உடல், தலை மட்டும் நெருக்கமாக, மேலிருந்து முதுகு, பின்னங்கால் விரல்கள். பிறகு திரையில் பெரிதாக்கி இந்த இடங்களைப் பாருங்கள்.

முதலில் காது. கண்ணுக்குப் பின்னால் செவிப்பறை வட்டமாகத் திறந்து தெரியும். அதற்கு மேலே வெர்சிகலரில் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும் இரண்டு சிறு முட்களோ முட்கொத்துகளோ இருக்கும். 1758இலேயே லின்னேயஸ் பெயரிட்ட பச்சை ஓணான் கலோட்டஸ் கலோட்டஸில் அங்கே எட்டு, ஒன்பது தட்டை முட்கள் வரிசை கட்டியிருக்கும். இந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தே இரண்டையும் பிரித்துவிடலாம். பச்சை ஓணான் கோபத்தில் பழுப்பேறி நின்றாலும் ஏமாற வேண்டியதில்லை.

அடுத்து விலா. செதிலின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறது? வெர்சிகலரில் பின்னோக்கி மேலே சாய்ந்திருக்கும். வேறு சில இனங்களில் நேராகப் பின்னோக்கியோ கீழே சாய்ந்தோ இருக்கும். 1935இல் பிரிட்டிஷ் இந்தியாவின் பல்லிகளைத் தொகுத்த மால்கம் ஸ்மித் இந்தச் சாய்மானத்தை முக்கிய அடையாளமாகப் பயன்படுத்தினார். இன்றைக்கும் களத்தில் அது கைகொடுக்கிறது.

பிறகு தோள். முன்னங்கால் தொடங்கும் இடத்துக்கு முன்னால் தோல் மடிந்து ஒரு பள்ளம் இருக்கிறதா? வெர்சிகலரில் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை ஓணான்களான எல்லியோட்டி, ரூக்ஸி இரண்டிலும் இருக்கிறது. இந்த மடிப்பு பின்னால் ஒரு பெரிய முடிவில் பங்கு வகிக்கப்போகிறது, நினைவில் வைத்திருங்கள்.

கடைசியாக விரல்கள். பின்னங்காலில் ஐந்தா, நான்கா? நான்கு என்றால் உங்கள் முன் நிற்பது விசிறித்தொண்டை ஓணான். பேரினம் சிட்டானா அல்லது சரடா.

படி 4: எந்த ஒற்றுமை உறவைச் சொல்கிறது?

இதுதான் இந்த வழிகாட்டியின் நெஞ்சுப் பகுதி. இரண்டு ஓணான்கள் ஒத்திருந்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம். வெகு பழைய மூதாதையிடமிருந்து எல்லோருக்கும் வந்த பண்பாக இருக்கலாம்; அது எதையும் நிரூபிக்காது. அண்மை மூதாதை ஒன்றில் புதிதாகத் தோன்றி அதன் வாரிசுகளுக்கு மட்டும் வந்ததாக இருக்கலாம். உறவுக்கு அதுதான் ஆதாரம். இரண்டு கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியதாகவும் இருக்கலாம். குவிபரிணாமம் என்னும் இந்த மூன்றாவது வகைதான் ஆளைக் கவிழ்க்கும்.

விரலை எடுத்துக்கொள்வோம். ஓணான்களுக்குப் பொதுவாகப் பின்னங்காலில் ஐந்து விரல். ஐந்து விரல் இருப்பதால் வெர்சிகலரும் மலையுச்சி ஓணானான சாலியாவும் நெருங்கிய உறவு என்று சொன்னால் அது வாதமே ஆகாது. எல்லோருக்கும் இருப்பதுதான் இவர்களுக்கும் இருக்கிறது. ஆனால் சிட்டானாவும் சரடாவும் ஐந்தாம் விரலை இழந்தவை. அந்த இழப்பு இருவருக்கும் பொதுவான மூதாதையில் ஒருமுறை நடந்தது என்பதே எளிய விளக்கம். மரபணு மரத்திலும் இவை இரண்டும் ஒட்டியே நிற்கின்றன. இவற்றுக்கு அடுத்த உறவு இலங்கையின் கங்காரு ஓணான் ஓட்டோகிரிப்டிஸ். அதற்கு ஐந்து விரலும் பத்திரமாக இருக்கிறது. நீண்ட பின்னங்காலில் எழுந்து இரண்டு காலால் ஓடும் பழக்கம் சிட்டானாவுக்கும் அதற்கும் உண்டு.

இப்போது காது. இலங்கையில் லைரியோசெஃபாலஸ், கோஃபோட்டிஸ், செரட்டோஃபோரா என்று மூன்று பேரினங்கள் இருக்கின்றன. உலகில் வேறெங்கும் இல்லை. மூன்றிலும் செவிப்பறை தோலுக்குள் மறைந்திருக்கும். மூன்றும் நெருங்கிய உறவினர் என்று மரபணுவும் சொல்கிறது. சரி, மறைந்த காது உறவின் அடையாளம் என்று முடிவுகட்டலாமா? ஓட்டோகிரிப்டிஸுக்கும் காது மறைந்தே இருக்கிறது. அதுவோ காது வெளியே தெரியும் சிட்டானாவின் பக்கத்து வீடு. ஆக, ஓணான் வரலாற்றில் காது மூடப்பட்டது ஒரு தடவையில் முடிந்த கதை அல்ல. ஒற்றைப் பண்பை வைத்துக் குடும்பம் பிரித்தால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்.

கொம்பு இன்னும் சுவையானது. செரட்டோஃபோராவின் சில இனங்களுக்கு மூக்கு நுனியில் கொம்பு உண்டு. மத்திய மலைநாட்டின் ஸ்டாடர்ட்டியில் அது ஒற்றைச் செதில் நீண்டு காண்டாமிருகக் கொம்பாக நிற்பது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் டென்னென்டியில் பக்கவாட்டில் தட்டையான இலை வடிவம். தென்மேற்குத் தாழ்நில மழைக்காட்டின் ஆஸ்பெராவில் பல சிறு செதில்கள் மூடிய நீட்சி. எர்டெலெனி, கரு ஆகியவற்றில் கொம்பு என்று சொல்லத்தக்கதாக ஏதுமில்லை. முதல் பார்வையில், கொம்பு ஒருமுறை தோன்றி இரண்டு இனங்களில் தொலைந்தது என்று நினைக்கத் தோன்றும். 2002இல் மரபணு மரத்தின் மேல் கொம்பின் வரலாற்றை ஏற்றிப் பார்த்த ஆய்வு, அது தனித்தனியாகத் தோன்றியிருக்கக்கூடும் என்றது. செதிலமைப்பே மூன்று விதமாக இருப்பதைப் பார்க்கையில் எனக்கு அதில் வியப்பில்லை. ‘இரண்டுக்கும் கொம்பு இருக்கிறது’ என்பதோடு நிறுத்தாமல், கொம்பு எதனால் ஆனது என்று கேட்பதுதான் இங்கே கற்க வேண்டிய பழக்கம்.

ஒரு கிளைக்கு மட்டுமே உரிய விசித்திரப் பண்பும் உறவைச் சொல்லாது. கோஃபோட்டிஸ் முட்டையிடாமல் குட்டி போடும்; வாலால் கிளையைச் சுற்றிப் பிடிக்கும். பிரமாதம்தான். ஆனால் அது யாருக்கு நெருக்கம் என்பதற்கு இந்த இரண்டிலும் துப்பு இல்லை. வாலைப் பார்த்துப் பச்சோந்தியோடு சேர்த்தால் தவறாகிவிடும்.

பயிற்சி: ஒரு தாளில் எட்டுப் பேரினங்களை வரிசையாகவும், காது, விரல், தோள் மடிப்பு, பிடரி முட்கள், தொண்டை விசிறி ஆகியவற்றை நெடுவரிசையாகவும் போட்டு அட்டவணை நிரப்புங்கள். மரபணுவைத் தொடும் முன்பே உங்கள் யூகத்தை ஒரு மரமாக வரைந்து தேதியிட்டு வையுங்கள். பின்னால் ஒப்பிட உதவும்.

படி 5: மரபணு வரிசைகளைச் சேகரியுங்கள்

ஆய்வகத்தில் கல்லீரல் துண்டிலிருந்தோ வால் நுனியிலிருந்தோ டி.என்.ஏ. பிரிப்பார்கள். வீட்டில் அது தேவையில்லை. ஆய்வாளர்கள் வெளியிட்ட வரிசைகள் ஜென்பேங்க் என்னும் பொதுச் சேமிப்பகத்தில் இலவசமாக இருக்கின்றன. ஓணான்களுக்கு அதிகம் பயன்பட்டது மைட்டோகாண்ட்ரியாவின் என்.டி.2 மரபணு, ஏறக்குறைய 1,000 எழுத்துகள். வேகமாக மாறுவதால் நெருங்கிய சிற்றினங்களைக்கூடப் பிரித்துக்காட்டும். 16எஸ் இன்னொன்று. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே மட்டும் வருவதால் அது சொல்வது அரைக் குடும்பக் கதைதான். அதனால் உட்கருவிலுள்ள ராக்1 போன்ற மெதுவாக மாறும் மரபணுக்களையும் சேர்ப்பது வழக்கம்.

தொடக்கத்துக்கு என்.டி.2 போதும். வெர்சிகலர், கலோட்டஸ் கலோட்டஸ், எல்லியோட்டி, பாறை ஓணான் சம்மோஃபிலஸ் டார்சாலிஸ், சாலியா ஹார்ஸ்ஃபீல்டி, ஒரு சிட்டானா, ஓட்டோகிரிப்டிஸ், ஒரு செரட்டோஃபோரா, பறக்கும் ஓணான் ட்ரேகோ என்று தேடி எடுங்கள். இவற்றோடு வெளிக்குழு ஒன்று கட்டாயம் வேண்டும்: அகாமினேவிலிருந்து ஒரு லௌடாக்கியாவோ அகாமாவோ. வெளியாள் இல்லாமல் மரத்துக்கு வேர் எந்தப் பக்கம் என்று தெரியாது.

ஒரு பொறி இங்கே இருக்கிறது. ‘கலோட்டஸ் வெர்சிகலர்’ என்ற பெயரோடு கிடக்கும் பழைய வரிசைகள் பல பர்மாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தவை. பதிவான காலத்தில் அந்தப் பெயர் சரி, இன்றைக்கு இல்லை. தலைப்பை நம்பாமல் பிடித்த இடத்தைப் பாருங்கள். ஊர் குறிப்பிடாத வரிசையை ஒதுக்கிவிடுவது நல்லது. எல்லியோட்டியும் ரூக்ஸியும்கூடப் பழைய பதிவுகளில் கலோட்டஸ் என்றே இருக்கும்.

படி 6: மரத்தைக் கட்டுங்கள்

‘மெகா’ என்னும் இலவச மென்பொருள் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். வரிசைகளை மஸ்ல் முறையில் நேர்ப்படுத்துங்கள். ஒத்த எழுத்துக்கு நேரே ஒத்த எழுத்து வர வேண்டும். இரு முனைகளிலும் பாதி வரிசைகளுக்கு இல்லாத பகுதியை வெட்டிவிடுங்கள்.

அடுத்து ஒரு சோதனை. பலர் இதைச் செய்வதில்லை. என்.டி.2 புரதம் செய்யும் மரபணு. ஆகவே எழுத்துகளை மும்மூன்றாகப் பிரித்து அமினோ அமிலமாக மாற்றிப் பார்க்கலாம். அப்போது மென்பொருளில் ‘முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியக் குறியீடு’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரணக் குறியீட்டில் விட்டுவிட்டால் டி.ஜி.ஏ. வரும் இடமெல்லாம் நிறுத்தக் குறியாகக் காட்டிப் பயமுறுத்தும். மைட்டோகாண்ட்ரியாவில் அது ட்ரிப்டோஃபான். சரியான குறியீட்டிலும் நடுவில் நிறுத்தக் குறி வந்தால் வரிசையில் கோளாறு: படிப்பதில் பிழையாக இருக்கலாம், நேர்ப்படுத்தியதில் நகர்ந்திருக்கலாம், அல்லது உட்கருவுக்குள் குடிபெயர்ந்த செத்த நகல் ஒன்றைத் தவறுதலாகப் படித்திருக்கலாம்.

பிறகு மாற்ற மாதிரியை (எழுத்துகள் எப்படி மாறுகின்றன என்று சொல்லும் கணக்கை) மென்பொருளையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதிகபட்ச நிகழ்தகவு முறையில் மரத்தை வரையச் சொல்லுங்கள். மூன்றெழுத்துத் தொகுதியின் மூன்றாம் இடம் மற்ற இரண்டைவிட வேகமாக மாறும். வெகு தூர உறவுகளில் அது மாறி மாறித் தேய்ந்து தகவலே இல்லாமல் போயிருக்கும். பெரிய ஆய்வுகளில் மூன்று இடங்களுக்கும் தனித்தனி மாதிரி வைப்பது இதனால்தான்.

கிளைகளின் பலத்தை அறிய பூட்ஸ்ட்ராப் சோதனை. நெடுவரிசைகளைக் குலுக்கி, சிலவற்றைத் திரும்ப எடுத்து, சிலவற்றை விட்டு, ஆயிரம் போலித் தரவுகள் உண்டாக்கி ஆயிரம் மரம் வரைவார்கள். ஒரு கிளை அவற்றில் எத்தனை சதவீதத்தில் வருகிறதோ அதுதான் அதன் மதிப்பெண். 70க்குக் கீழே இருந்தால் அந்தக் கிளையை வைத்து எதையும் வாதாட வேண்டாம். ஐ.க்யூ-ட்ரீ மென்பொருளின் அதிவேகச் சோதனையில் இந்தக் கோடு 95.

படி 7: மரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மரத்தின் நுனியில் யார் பக்கத்தில் யார் எழுதப்பட்டிருக்கிறார் என்பதற்குப் பொருளே இல்லை. எந்தக் கணுவையும் (கிளை பிரியும் இடத்தையும்) அச்சில் சுழற்றலாம்; உறவு மாறாது. பார்க்க வேண்டியது கணு எங்கே இருக்கிறது என்பதை மட்டும். பங்காளி முறை கணக்கிடுவது போலத்தான்: இரண்டு பேரிடமிருந்தும் பின்னோக்கி நடந்து, எந்தப் பாட்டனிடம் சந்திக்கிறார்கள் என்று பாருங்கள். சிட்டானாவும் சரடாவும் முதலில் சந்திக்கும். அந்தக் கணுவுக்குப் பின்னால்தான் ஓட்டோகிரிப்டிஸ் வந்து சேரும்.

கீழே முதலில் பிரிந்த கிளையைப் ‘பழமையான ஓணான்’ என்று சொல்லாதீர்கள். வெளிக்குழுவாக நீங்கள் போட்ட லௌடாக்கியாவும் வெர்சிகலரும் பிரிந்த நாளிலிருந்து இரண்டும் ஒரே அளவு காலம்தான் வாழ்ந்திருக்கின்றன. எதுவும் எதற்கும் மூதாதை இல்லை.

படி 8: பெயர் மாற்றலாமா?

ஒரு பேரினம் நிலைக்க வேண்டுமானால் அதிலுள்ளவை எல்லாம் ஒரே மூதாதையின் வாரிசுகளாகவும், அந்த மூதாதையின் வாரிசு யாரும் வெளியே விடப்படாமலும் இருக்க வேண்டும். அதற்குமேல் எவ்வளவு பெரிதாகப் பேரினத்தை வைப்பது என்பது ஓரளவு மனிதர் முடிவுதான்.

2018இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் கலோட்டஸ்களை ஆராய்ந்தபோது, எல்லியோட்டியும் ரூக்ஸியும் ஒரு கிளையாகவும், களக்காடு–முண்டந்துறைப் பகுதியிலிருந்து 2008இல் விவரிக்கப்பட்ட ஆரஞ்சு உதட்டு ஓணான் இன்னொரு கிளையாகவும், மற்றவற்றிலிருந்து வெகு ஆழத்தில் பிரிந்திருப்பது தெரிந்தது. முதல் கூட்டம் மோனிலெசாரஸ் என்றும், இரண்டாவது மைக்ரோஆரிஸ் என்றும் புதிய பேரினங்களாயின. மோனிலெசாரஸில் அதே கட்டுரையில் மேலும் இரண்டு புதிய சிற்றினங்கள் சேர்ந்தன.

தோள் மடிப்பு இப்போது திரும்ப வருகிறது. மோனிலெசாரஸுக்கு அது நல்ல அடையாளம். ஆனால் வடகிழக்கு இந்தியா, தென்கிழக்காசியாவின் கலோட்டஸ் எம்மா, மிஸ்டேசியஸ் ஆகியவற்றுக்கும் மடிப்பு உண்டு. மடிப்பு மட்டும் இருந்திருந்தால் இந்தப் பிரிப்பை நான் ஏற்றிருக்க மாட்டேன். மரபணுவும் மற்ற செதில் பண்புகளும் ஒரே திசையில் கைகாட்டுவதால் பிரிப்பு நிற்கிறது. ஒரே ஒரு மைட்டோகாண்ட்ரிய மரபணுவை வைத்துப் புதுப் பேரினம் அறிவிக்கும் கட்டுரையைக் கண்டால் கொஞ்சம் பொறுத்திருப்பது நல்லது.

சிட்டானாவின் கதை இதைவிடக் கலகலப்பு. 1829இல் குவியர் புதுச்சேரி மாதிரியை வைத்துச் சிட்டானா பாண்டிசெரியானா என்று பெயரிட்டார். நெடுங்காலம் இந்தியாவின் விசிறித்தொண்டை ஓணான்கள் எல்லாம் அந்தப் பெயரிலேயே காலம் தள்ளின. 2016இல் ஒரே கட்டுரையில் சரடா என்னும் புதிய பேரினமும் ஐந்து புதிய சிற்றினங்களும் வந்தன. சாத்தாரா அருகே சல்கேவாடி மேட்டுநிலத்தில் நீலமும் கறுப்பும் ஆரஞ்சுமாகத் தொண்டையை விரிக்கும் சரடா சுபர்பா அதில் ஒன்று. சிட்டானா விசிறி இன்னொன்று. அதே ஆண்டு தென்னிந்தியாவிலிருந்து வேறொரு கட்டுரையில் சிட்டானா மருதம்நெய்தல் வந்தது. திணைப் பெயர் தாங்கிய ஓணான் ஒன்று உலகப் பட்டியலில் இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

சிற்றினப் பிரிப்பில் ஓர் எச்சரிக்கை. மரபணுத் தூரம் இத்தனை சதவீதம் என்றால் தனிச் சிற்றினம் என்ற மந்திர எண் கிடையாது. சென்னையிலும் நாக்பூரிலும் மட்டும் மாதிரி எடுத்துவிட்டு இடையே ஆயிரம் கிலோமீட்டரை விட்டுவிட்டால், படிப்படியாக மாறிக்கொண்டே போகும் ஒரே கூட்டம்கூட இரண்டு கொத்தாகத் தெரியும். இடைவெளியில் மாதிரி இருக்கிறதா, வடிவத்திலும் உட்கரு மரபணுவிலும் அதே கோடு விழுகிறதா என்று பாருங்கள்.

படி 9: மரத்தை நிலத்தின் மேல் விரியுங்கள்

பறக்கும் ஓணான் ட்ரேகோ டுசுமியேரி கேரள, கர்நாடகப் பாக்குத் தோப்புகளில் மரம் விட்டு மரம் மிதக்கிறது. அதன் பேரினத்தார் மற்றவரெல்லாம் வடகிழக்கு இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இருக்கிறார்கள். நடுவில் தீபகற்பத்தின் வறண்ட நிலம். ஈரக்காடு ஒருகாலத்தில் தொடர்ந்திருந்து பின்னர் அறுந்துபோனதன் தடயமாக இதை வாசிக்கலாம்.

இலங்கைக்கும் நமக்கும் இடையே இருப்பது ஆழமற்ற கடல். பனியூழிகளில் கடல்மட்டம் 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தபோது அது நிலமாகவே இருந்தது. வெர்சிகலர் இரு கரையிலும் இருப்பது எதிர்பார்க்கத்தக்கதே. செரட்டோஃபோராவும் லைரியோசெஃபாலஸும் ஏன் இக்கரைக்கு வரவில்லை? நிலம் இருந்தது, ஆனால் அது வெயில் காயும் வறண்ட சமவெளி. ஈரக்காட்டு உயிருக்கு அது கடலைப் போன்ற தடைதான். 2004இல் தவளை, நண்டு, பாம்பு எனப் பல குழுக்களை ஒப்பிட்ட ஆய்வும் இலங்கைக்கென்றே தனிப்பட்ட பழைய கிளைகள் இருப்பதைக் காட்டியது. இந்தியப் பக்கமும் இதற்கு எதிரொலி உண்டு: தென்கோடி மலைக்காட்டின் கங்காரு ஓணானை ஓட்டோகிரிப்டிஸ் என்றே வைத்திருந்தார்கள், இப்போது அது அகஸ்த்யகாமா என்ற தனிப் பேரினம்.

சாலியாவைப் பார்த்தால் மலைகளே தீவுகளாவது புரியும். நீலகிரியில் சாலியா ஹார்ஸ்ஃபீல்டி. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனி உயரங்களில் சாலியா அனமலையானா. விசிறித்தொண்டைகளுக்கோ கதை நேர்மாறு. தீபகற்பம் வறண்டு புல்வெளியும் புதர்க்காடும் பெருகியதுதான் அவை பல்கியதற்குக் காரணம் என்று 2018இல் ஓர் ஆய்வு முன்வைத்தது. ஒரே வறட்சி ஒரு கிளையை மலையுச்சியில் அடைத்தது. இன்னொன்றுக்கு ஊர் திறந்துவிட்டது.

காலக்கணக்கை மட்டும் சற்றுத் தள்ளி வைத்தே வாசியுங்கள். மரபணுக் கடிகாரத்தைத் திருப்பிவைக்கப் புதைபடிவங்கள் வேண்டும். ட்ரகோனினேவுக்கு அவை அரிது. இத்தனை லட்சம் ஆண்டு என்ற எண்ணோடு தரப்படும் வீச்சு எவ்வளவு அகலம் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

படி 10: உங்கள் பதிவைச் சேருங்கள்

காட்டில் ஓணானைப் பிடிக்கவோ திசு எடுக்கவோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வனத்துறை அனுமதி வேண்டும். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவது 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் வரும். சரணாலயங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் வெளியே படம் எடுக்க இந்தத் தொல்லைகள் இல்லை. படி 3இல் சொன்ன நான்கு படங்களை, இடம், தேதி, உயரம், இருந்த மரமோ பாறையோ என்ற குறிப்போடு ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுங்கள். வெர்சிகலர் கூட்டத்தின் நான்கு சிற்றினங்களும் எங்கே ஒன்றையொன்று தொடுகின்றன என்பதை அறிய ஒடிசா, ஆந்திரா, மத்திய இந்தியப் பதிவுகள் மிகவும் தேவை. மொரீஷியஸ், மாலத்தீவு, ஓமன், ஃப்ளோரிடா என்று மனிதரோடு கப்பலேறிப் போன ஓணான்களும் வெர்சிகலர் என்றே பதிவானவை; அவற்றில் எது எந்தத் துண்டு என்று திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சிற்றினத்தில் சந்தேகம் இருந்தால் பேரினத்தோடு நிறுத்துங்கள்: ‘கலோட்டஸ்’ என்று மட்டும் எழுதி, காதுக்கு மேல் முட்கள் தெரியும் படத்தை முதல் படமாக வையுங்கள். பின்னால் வருபவர் அதிலிருந்து பெயரைச் சரிசெய்துகொள்ள முடியும். தொலைவிலிருந்து எடுத்த அழகான முழு உருவப் படத்தில் அதற்கு வழியில்லை.